திண்ணையில் தங்கிய பிஸ்மத்

குற்றாலத்துச் சாரலை மட்டும் அறிந்தவர்கள் தென்காசியின் மழையைப் பாதிதான் அறிந்தவர்கள். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வருகின்ற மேல்காற்று, திரிகூட மலையின் முகட்டில் தங்கிய மேகத்தைத் தூவானமாகச் சிதறடித்து, பெரும்பாலும் இடியுமின்றி மின்னலுமின்றிப் பன்னீர் தெளிப்பதுபோலத் தெளித்துவிட்டுப் போகிறது. ஆனால் சித்திரை, வைகாசிப் பிற்பகல்களிலும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளிலும் அதே மலையின் மேல் கருத்துத் திரளும் மேகத்தின் சுபாவம் முற்றிலும் வேறு. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய காசி விசுவநாதர் ஆலயத்தின் ராஜகோபுரம் நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றதற்கு இடியே காரணம் என்று ஊரில் ஒரு சாராரும், இல்லை, தீயே காரணம் என்று மற்றொரு சாராரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1990இல் ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்ட பின்னரும் அந்த வழக்குத் தீர்ந்தபாடில்லை. கலசத்தில் இட்ட வரகு இடியைத் தாங்கிவிடும் என்று இந்நாளில் சிலர் விஞ்ஞானத்தின் பெயரால் கூறிவருவதை மட்டும் நான் ஏற்பதற்கில்லை. வரகு பஞ்ச காலத்துக்கு விதையாகலாம், மின்னலுக்கு வழியாகாது.

இடியைப் பற்றிய இந்த நினைவு எனக்கு எழுந்ததற்குக் காரணம், உள்ளங்கையில் அடங்கும் ஓர் உடைந்த பில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில், ஓர் ஐப்பசி இரவின் இடிமழைக்கு மறுநாள், மின்கம்பத்தினின்று இறங்கி வந்த நண்பர் அதை என்னிடம் நீட்டி, “எல்.ஏ. வெடிச்சிட்டு அண்ணாச்சி, டிரான்ஸ்பார்மர் தப்பிச்சிட்டு” என்றார். மின்சாரத் தொழிலில் உள்ளவர்கள் எல்.ஏ. என்று சுருக்கமாக வழங்குவதும், ஏட்டில் இடிதாங்கி என்று எழுதப்படுவதுமாகிய அந்தச் சாதனம், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் கம்பிக்கும் பூமிக்கும் இடையே, மடிப்பு மடிப்பான பீங்கான் அல்லது ரப்பர்ச் சட்டை போட்டுக்கொண்டு தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். சுரண்டையிலும் பாவூர்சத்திரத்திலும் கணவாய்க் காற்றை நம்பி நிற்கும் காற்றாலைகளின் அடியில் உள்ள டிரான்ஸ்பார்மர்களுக்கும் அதுவே காவல்.

கோபுர உச்சியில் நிற்கும் கம்பிக்கும் இதற்கும் பெயர் ஒன்றாயினும் தொழில் ஒன்றன்று. கோபுரத்துக் கம்பி எப்பொழுதும் மின்சாரத்துக்கு இடங்கொடுக்கும் செம்பு. அதற்கு வேறு விவேகம் தேவையில்லை. எல்.ஏ.யோ, 11 கிலோவோல்ட் கம்பியில் நாள் முழுதும் ஏறி இறங்குகின்ற, உச்சத்தில் ஏறத்தாழ 9,000 வோல்ட்டை எட்டுகின்ற அழுத்தத்துக்கு ஒரு துளியும் வழிவிடாமல் நின்று, மின்னலின் அலை வந்து மோதும் அந்தக் கணத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான ஆம்பியரைப் பூமிக்குள் இறக்கிவிட்டு, அலை ஓய்ந்த மறுகணமே பழையபடி கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை விவேகம் ஒரு சுட்ட மண்பில்லைக்கு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

பில்லையின் பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு. தூய நிலையில் அது வெண்மையான பொடி. சித்த வைத்தியர் நாகபற்பம் என்று அறிந்திருப்பதும் இதன் இனமே. சித்த நூல்களில் நாகம் என்றால் துத்தநாகம், ஆயுர்வேத நூல்களில் ஈயம் என்பதை மறந்து மருந்து கேட்பவர் பாடு ஆபத்துதான். அந்த வெண்பொடியை அடுப்பில் காய்ச்சினால் மஞ்சளாகி, ஆறியதும் மீண்டும் வெளுத்துவிடும் விந்தையைப் பற்பம் செய்வோர் அறிவர். அந்த வெண்மைக்கும் மஞ்சளுக்கும் காரணம் ஒன்றே. இந்தப் படிகத்தில் ஆக்ஸிஜனோடு பிணைந்து கிடக்கும் ஓர் எலெக்ட்ரானை விடுவித்து நடமாட வைப்பதற்கு ஏறத்தாழ 3.3 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் மிகுந்த சக்தியுடைய ஊதாவுக்கும் 3.1க்கு மேல் இல்லை. ஆகவே படிகம் அந்த ஒளி எதையும் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறது, பொடி வெளுப்பாகத் தோன்றுகிறது. சூடேறும்போது அந்த இடைவெளி சற்றுக் குறுகி, ஊதாவும் நீலத்தின் ஒரு பகுதியும் உறிஞ்சப்பட, எஞ்சியது மஞ்சள். கணினிச் சில்லுகளுக்கு ஆதாரமான சிலிக்கனில் இந்த இடைவெளி 1.1 மட்டுமே, துத்தநாக ஆக்ஸைடை அகன்ற இடைவெளிக் குறைகடத்தி என்று சொல்வது இதனாலேயே.

இத்தனை அகன்ற இடைவெளியை, அறையின் வெப்பம் அளிக்கும் நாற்பதில் ஒரு பங்கு எலெக்ட்ரான் வோல்ட்டைக் கொண்டு எந்த எலெக்ட்ரானும் தாண்ட முடியாது. கணக்குப்படி துத்தநாக ஆக்ஸைடு ஒரு மின்கடத்தாப் பொருளாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் உலையிலிருந்து எடுத்த துத்தநாக ஆக்ஸைடு, யார் எங்கே செய்தாலும், ஓரளவேனும் எலெக்ட்ரான்களைக் கடத்திக்கொண்டே இருக்கிறது. கேளாத இந்த விருந்தை இட்டவர் யார் என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. நெடுங்காலம் பழி சுமந்தது ஆக்ஸிஜனின் இன்மை. படிகத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடம் ஒன்று காலியாகிவிட்டால், அதனோடு பிணைந்திருக்க வேண்டிய இரண்டு எலெக்ட்ரான்கள் அநாதையாகி நடமாடத் தொடங்கும் என்பது அன்றைய பாடம். எங்கள் கல்லூரி நாட்களில் கேள்வியின்றி மனப்பாடம் செய்த வரி அது. பின்வந்த கணக்கீடுகளோ அந்த எலெக்ட்ரான்கள் நடமாட்ட நிலைக்கு வெகு ஆழத்தில் கட்டுண்டு கிடக்கின்றன என்றும், அறை வெப்பத்தில் அவை எழுந்து வரமாட்டா என்றும் காட்டிவிட்டன.

உண்மைக் குற்றவாளிகளில் ஒருவன் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். ஹைட்ரஜனில் காய்ச்சிய துத்தநாக ஆக்ஸைடின் கடத்துதிறன் கூடுகிறது என்பதை ஜெர்மனியில் மொல்வோ 1954இலும், அமெரிக்காவில் தாமஸும் லாண்டரும் 1956இலும் கண்டு எழுதியிருந்தார்கள். ஆயினும் 2000இல் கிறிஸ் வான் டி வாலே என்பவர், இந்த ஆக்ஸைடில் ஹைட்ரஜன் எப்பொழுதும் எலெக்ட்ரானைக் கொடுக்கும் பக்கமே நிற்கும், வேறு பொருள்களில் செய்வதுபோல வாங்கும் பக்கம் சாயவே சாயாது என்று கணக்கிட்டுக் காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. நீராவியும் ஈரமும் உள்ள எந்த உலையிலும் ஹைட்ரஜன் உண்டு; அதை அடைத்துத் தடுக்கும் கதவை எவரும் செய்ததில்லை. தூய்மை என்று நாம் சொன்னது, நம் கருவிக்கு எட்டாத மாசின் பெயராகவே இருந்திருக்கிறது.

மாசு என்ற இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாடநூல்கள் அந்நிய அணுவை வேண்டுமென்றே சேர்ப்பதை மாசூட்டல் என்றும், சேர்க்கப்பட்ட அணு எலெக்ட்ரானைக் கொடுத்தால் கொடையாளி என்றும், எடுத்துக்கொண்டால் ஏற்பான் என்றும் பெயரிட்டிருக்கின்றன. கொடையாளியை மாசு என்றழைப்பதில் உள்ள முரண், தமிழ் படித்த எவரையும் உறுத்தாமல் இராது. பெயர் போகட்டும், அந்தப் பெயர் ஒரு தவறான எண்ணத்தையும் உடன் கொண்டுவருகிறது. அந்நியன் யார், எத்தனை பேர் என்பதை அறிந்தால் போதும், அவன் செய்யப்போவது தெரிந்துவிடும் என்ற எண்ணம் அது. ஆக்ஸைடுகளில் அப்படியன்று. வந்தவன் வீட்டுக்குள் புகுந்தானா, சந்தில் ஒண்டினானா, திண்ணையோடு நின்றுவிட்டானா என்பதே அவன் செய்யும் காரியத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு என் கையிலிருந்த பில்லையைவிடத் தெளிவான சாட்சியை நான் கண்டதில்லை.

பில்லை வெண்மையாக இல்லை. கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம். பச்சைச் சாயலுக்குக் கோபால்ட் காரணம். துத்தநாக ஆக்ஸைடோடு கோபால்ட்டைச் சேர்த்துச் சுட்டால் பச்சை வண்ணம் பிறப்பதை ஸ்வீடன் நாட்டு ரின்மன் 1780இலேயே கண்டிருந்தார். துத்தநாகத்தின் இருக்கையில் கோபால்ட் அமர்ந்து, நான்கு ஆக்ஸிஜன்களால் சூழப்பட்டபோதுதான் அந்தப் பச்சை தோன்றும். இருவருக்கும் மின்னூட்டம் இரண்டே ஆதலால், கோபால்ட் எலெக்ட்ரானைக் கொடுப்பதுமில்லை, கேட்பதுமில்லை. நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு அமர்ந்திருக்கிறது.

அலுமினியமும் அதே இருக்கையில்தான் அமர்கிறது. ஆனால் துத்தநாகம் இரண்டு எலெக்ட்ரான்களோடு பிணையும் இடத்தில் அலுமினியம் மூன்றோடு வருகிறது. மூன்றாவது எலெக்ட்ரானுக்கு அந்த வீட்டில் வேலையில்லை, அது தெருவுக்கு வந்துவிடுகிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அலுமினியம் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடுப் படலம், கண்ணாடிபோல ஒளியை விட்டுக்கொண்டே உலோகம்போல மின்சாரத்தையும் விடுகிறது. இத்தகைய ஒளிபுகும் கடத்திகளைப் பற்றி டெல்லி ஐ.ஐ.டி.யின் கே. எல். சோப்ரா தம் சகாக்களோடு 1983இல் எழுதிய மீளாய்வுக் கட்டுரை, இத்துறையினர் உலகெங்கும் மேற்கோள் காட்டும் ஒன்றாயிற்று.

பிஸ்மத்தின் கதை இவற்றினின்று விலகியது. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தில் பணிபுரிந்த மிச்சியோ மட்சுவோகா 1971இல் வெளியிட்ட கட்டுரையில் கண்ட கலவை இது: நூறு மூலக்கூறுப் பங்கில் 97 துத்தநாக ஆக்ஸைடு, ஒரு பங்கு ஆன்டிமனி ஆக்ஸைடு, பிஸ்மத், கோபால்ட், மாங்கனீஸ், குரோமியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகள் ஒவ்வொன்றும் அரைப்பங்கு. இதைப் பில்லையாக அழுத்தி 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது, சுமார் 820 டிகிரியிலேயே உருகிவிடும் பிஸ்மத் ஆக்ஸைடு, துத்தநாக ஆக்ஸைடின் நுண்படிகங்களாகிய பரல்களுக்கு இடையே அரிசிக்குள் நீர் பாய்வதுபோலப் பாய்ந்து பரவுகிறது. பரல்கள் அதில் நனைந்து வளர்கின்றன. அளவுக்கு மீறி வளராதபடி ஆன்டிமனியால் விளைந்த வேறொரு படிகம் இடையிடையே முளையடித்து நிறுத்துகிறது. பிஸ்மத் மட்டும் பரலுக்குள் நுழைவதில்லை. துத்தநாக அயனியின் ஆரம் 0.74 ஆங்ஸ்ட்ராம் என்றால் பிஸ்மத்தினுடையது 1.03. குறுகிய நிலைப்படியில் பெரிய கட்டில் நுழையாதது போல, அது எல்லையிலேயே தங்கிவிடுகிறது. உலை ஆறிய பின்பு, இரண்டு பரல்கள் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் சில அணுக்கள் கனமே உள்ள பிஸ்மத் படலமும், அது பற்றி ஈர்த்து வைத்திருக்கும் மிகுதியான ஆக்ஸிஜனும் நிலைத்துவிடுகின்றன.

பரலுக்குள்ளே கோடிக்கணக்கில் உலவும் எலெக்ட்ரான்கள் எல்லையாகிய இந்தத் திண்ணையை அணுகும்போது சிறைப்படுகின்றன. சிறைப்பட்டவை எதிர்மின்னூட்டமாகத் திரண்டு, பின்வரும் எலெக்ட்ரான்களை இருபுறமும் விரட்டியடிக்க, எல்லையின் இரு பக்கத்திலும் எலெக்ட்ரானற்ற ஒரு வெற்றிடப் பட்டை விழுந்துவிடுகிறது. பரலின் உட்புறம் நன்றாகக் கடத்த, எல்லையோ அதைக் காட்டிலும் ஆயிரம் கோடி மடங்குக்கு மேல் தடைசெய்கிறது. அந்தத் தடை சுமார் 3 வோல்ட் வரை அசையாமல் நிற்கும். அதைக் கடந்த நொடியில் திடீரென்று சரிந்துவிடும். சரிவு எத்தகையது என்பதை ஒரு கணக்கால் சொல்லலாம். முற்காலத்து எல்.ஏ.க்களில் இருந்த சிலிக்கன் கார்பைடில் அழுத்தம் இருமடங்கானால் மின்னோட்டம் இரண்டின் ஐந்தாம் அடுக்கு, அதாவது 32 மடங்கு ஏறும். மட்சுவோகாவின் பில்லையில் அடுக்கு முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டது. முப்பது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சரிவின் எல்லைக்குள், இருமடங்கு அழுத்தத்துக்கு மின்னோட்டம் 107 கோடி மடங்கு ஏற வேண்டும். இதனாலேயே சிலிக்கன் கார்பைடுக்கு முன்னால் ஓர் இடைவெளியை விட்டு அதில் பொறி பறக்க வைக்கும் பழைய ஏற்பாடு தேவையற்றுப் போயிற்று, இடைவெளியில்லாத எல்.ஏ.க்களுக்கு இந்தியத் தரநிர்ணயத்தில் 1993இல் ஐ.எஸ். 3070இன் மூன்றாம் பகுதி வகுக்கப்பட்டது.

நம் தெருமுனை எல்.ஏ.யை இனிக் கணக்கிட்டுவிடலாம். 9,000 வோல்ட் உச்சத்தை எல்லைக்கு 3 வோல்ட் வீதம் பகிர்ந்தால் 3,000 எல்லைகள். சற்றுக் கூடுதலாகவே நிறுத்த வேண்டுமாதலால் 4,000 எல்லைகள் என்று கொள்வோம். பரல் ஒன்று மில்லிமீட்டரில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு என்றால் அத்தனையும் ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். பில்லைகளை அடுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவருவதே எல்.ஏ. செய்யும் கலையின் சாரம். மின்னலின்போது டிரான்ஸ்பார்மரின் முனையில் அழுத்தம் சுமார் 30 கிலோவோல்ட்டுக்கு மேல் ஏறாமல் நின்றால், 75 கிலோவோல்ட் அலையைத் தாங்கும்படி செய்யப்பட்ட டிரான்ஸ்பார்மர் பிழைத்துக்கொள்கிறது.

ஆயினும் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்கிற உச்சக் கணத்தில் எல்லைகள் எல்லாம் சரிந்துவிட்ட பிறகு, எஞ்சி நிற்கும் தடை பரல்களின் உட்புறத்துத் தடையே. அதைக் குறைப்பதற்காகவே, பத்து லட்சத்தில் சில பத்துகள் முதல் சில நூறுகள் வரையான அலுமினியத்தைக் கலவையில் சேர்க்கிறார்கள். அது கூடிவிட்டாலோ, அமைதிக் காலத்திலும் எல்லைகளில் கசிவு ஏற்பட்டு, பில்லை வீணே சூடேறுகிறது. ஒரே பில்லையில் அலுமினியம் வீட்டுக்குள் கொடையாளியாகவும், பிஸ்மத் திண்ணையில் காவலாளியாகவும், ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடாதபடி அளந்து இருத்தப்பட்டிருக்கிறார்கள்.

காவலாளிக்கும் மூப்பு உண்டு. இருபத்துநான்கு மணி நேரமும் அழுத்தம் நின்றுகொண்டேயிருப்பதால், இருக்கை கிடைக்காமல் படிகத்தின் சந்துகளில் ஒண்டியிருக்கும் துத்தநாக அயனிகள் மெல்ல மெல்ல எல்லையை நோக்கி நகர்ந்து, அங்கே கட்டுண்ட மின்னூட்டத்தைத் தின்றுவிடுகின்றன என்று தபன் குப்தாவும் கார்ல்சனும் 1985இல் விளக்கினார்கள். கசிவு கூடினால் சூடு, சூடு கூடினால் மேலும் கசிவு. இந்தச் சுழல் பிடித்துக்கொண்டால் பில்லை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சுட்டெடுத்த பில்லையை மறுபடி ஏறத்தாழ 600 டிகிரியில் காற்றில் பதப்படுத்தினால் ஒண்டிகளில் பலர் வெளியேறிவிடுகிறார்கள். எனினும் குற்றாலத்தைப் போன்ற ஊரில் எல்.ஏ.யின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் இத்தனை நுட்பமான காரணமன்று. மூன்று மாதச் சாரலின் ஈரம், முனைகளில் உள்ள அடைப்பு சற்றே தளர்ந்திருந்தாலும் சட்டைக்குள் புகுந்து, பில்லைகளின் வெளிப்புறத்தில் தனக்கென்று ஒரு பாதையை அமைத்துக்கொள்கிறது. சாரலில் நனைந்த எல்.ஏ. ஐப்பசி இடியில் விழுகிறது.

கொடையாளியை இத்தனை எளிதாக ஏற்கும் இந்த ஆக்ஸைடு, ஏற்பானை ஏற்பதில் காட்டும் பிடிவாதம் இத்துறையின் தீராத வழக்கு. சிலிக்கனில் இரண்டையும் சமமாகப் புகுத்தலாம், இங்கே முடிவதில்லை. துத்தநாகத்தின் இருக்கையில் லித்தியம் அமர்ந்தால் ஏற்பான். சந்தில் ஒண்டினால் அதே லித்தியம் கொடையாளியாகி முன்னவன் வேலையைக் கெடுத்துவிடுகிறது. நைட்ரஜனை ஆக்ஸிஜனின் இருக்கையில் அமர்த்தி, 2005இல் ஜப்பானியர் நீல ஒளி தரும் டையோடு ஒன்றைக் காட்டியபோது எழுந்த உற்சாகம் பெரிது. ஆனால் நைட்ரஜனின் ஏற்பான் நிலை சுமார் 1.3 எலெக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் உள்ளது, அறை வெப்பத்தில் அது பயன்படாது என்று 2009இல் ஒரு கணக்கீடு கூறியது. சென்னை ஐ.ஐ.டி.யில் எம். எஸ். ராமச்சந்திர ராவின் குழுவினர், லித்தியத்தைத் தனியே விடாமல் நிக்கலோடு சேர்த்துப் புகுத்திப் பார்த்த முயற்சி 2011இல் வெளிவந்தது. ஒண்டவிடாமல் லித்தியத்தை இருக்கையிலேயே இருத்திவைக்கத் துணை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் உவப்பானது. உலகம் ஒப்பும் நிலையான ஏற்பான் படலம் இன்னும் கைக்கு எட்டவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்தப் பிடிவாதத்தின் வேர் ஆக்ஸிஜனில் இருக்கிறது. ஏற்பான் எடுத்துக்கொண்ட எலெக்ட்ரானின் காலி இடமாகிய துளை, ஆக்ஸிஜனின் நிலைகளில்தான் உலவ வேண்டும். அந்த நிலைகளோ வெகு ஆழத்தில் இறுகிக் கிடப்பவை. இடைவெளி 4.8 எலெக்ட்ரான் வோல்ட் உள்ள காலியம் ஆக்ஸைடில் இது உச்சத்துக்குப் போகிறது: துளை பிறந்த இடத்திலேயே தன்னைச் சுற்றிய படிகத்தை வளைத்துக் குழி பறித்து அதற்குள் விழுந்துவிடுகிறது. சிலிக்கனும் வெள்ளீயமும் அங்கே நல்ல கொடையாளிகள்; ஏற்பான் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அப்படியிருந்தும் அதை விடாமல் துரத்துவதற்கு நியாயமுண்டு. சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1969இல் பட்டம் பெற்று, காற்றாலைகளின் கன்வெர்ட்டர் கருவிகளில் இன்று விரவியிருக்கும் ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சுக்குத் தந்தையானவர் ஜெயந்த் பாலிகா. ஒரு பொருள் மின்சக்தியை ஆள்வதற்கு எவ்வளவு தகுதியுடையது என்பதை மதிப்பிட அவர் வகுத்த எண்ணில், காலியம் ஆக்ஸைடு சிலிக்கன் கார்பைடையும் பன்மடங்கு விஞ்சி நிற்கிறது. 2012இல் ஜப்பானில் ஹிகாஷிவாகி என்பவர் அதைக்கொண்டு டிரான்ஸிஸ்டர் ஒன்றைச் செய்து காட்டியதும், கொடையாளி என்ற ஒற்றைக் கையோடே எவ்வளவு தூரம் போகலாம் என்ற பந்தயம் தொடங்கிவிட்டது. வெப்பத்தைக் கடத்துவதில் அது சிறிதும் சமர்த்தன்று என்பதையும் பந்தயம் கட்டியவர்கள் அறிவார்கள்.

உடைந்த பில்லையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பழைய முள் மீட்டர் ஒன்று இருந்தது; அதில் ஒன்பது வோல்ட் பேட்டரி. பில்லையின் இரு முகங்களிலும் முனைகளை வைத்தேன், முள் அசையவில்லை. உடைந்த பக்கத்தில் இரு முனைகளையும் அரை மில்லிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்து நெருக்கி வைத்துப் பார்த்தேன். அந்த அரை மில்லிமீட்டருக்குள்ளும் முப்பதுக்குக் குறையாத திண்ணைகள் இருந்திருக்க வேண்டும். முள் இருந்த இடத்திலேயே இருந்தது.